மெர்சி சொன்ன சாட்சி

1

சென்ற ஞாயிறு மதியம் ஊரிலிருந்து ஒரு வீடியோ வந்தது. எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். சபையின் ஆண்டு விழா. மேடை முழுக்கப் பூச்சரம், பின்னால் பெரிய பேனர், நடுவில் ஆல்பர்ட் அண்ணன். பாஸ்டர் அவருக்குச் சால்வை போர்த்திவிட்டு மைக்கைப் பிடிக்கிறார்.

"வேல செய்ற எடத்துல இயேசப்பாவ மறைக்காத மனுஷன். கேன்டீன்ல எத்தினி பேரு பாத்துக்கினு இருந்தாலும் கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டுத்தான் சோத்துல கைய வெப்பாரு. இப்படி ஒரு சாட்சி நம்ம சபைக்குக் கெடச்சது கர்த்தரோட கிருப!"

கைதட்டல். ஆல்பர்ட் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை மேலே காட்டுகிறார். புகழ் எல்லாம் தனக்கில்லை, அங்கே போகட்டும் என்பது போல.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். பார்க்க வேண்டியது அவரை அல்ல. கேமரா ஒருமுறை கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. முன் வரிசையில் என் அம்மா, கைதட்டிக்கொண்டிருக்கிறாள். பெண்கள் பக்கம் கடைசியில், தூணை ஒட்டி, என் தங்கை மெர்சி. அவள் கை மடியில் இருக்கிறது. அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதும் குறிப்புகளில் பனி இருக்கும், ரயில் இருக்கும், இட்லி மாவு புளிக்காத கதை இருக்கும். எனக்கும் அதெல்லாம் எழுத ஆசைதான். இந்த வாரம் முடியவில்லை.

2

நாங்கள் செக் நாட்டில் இருக்கிறோம். கார் செய்கிற ஒரு சின்ன ஊர். என் கணவர் தொழிற்சாலையில் கார் பாகங்களுக்கான அச்சுகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். நான் உதிரிபாகக் கிடங்கில் பெட்டி கட்டுகிறேன். மகள் ஜெனி இங்கேதான் பள்ளிக்குப் போகிறாள்.

இந்த ஊரில் கடவுளை நம்புகிறவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஊர் நடுவில் ஆயிரம் பேர் உட்காரக்கூடிய தேவாலயம். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனால் பத்து கிழவிகள் இருப்பார்கள். மற்ற நாட்களில் கச்சேரி நடக்கும்.

இது தெரியாமல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் ஏமாந்தேன். என்னோடு பெட்டி கட்டும் ஹானா என்கிற பெண்மணி, கையிலிருந்து எது நழுவினாலும் "யெஜிஷ் மரியா!" என்பாள். இயேசு, மரியா. லாரி தாமதமானால் யெஜிஷ் மரியா. டேப் தீர்ந்துபோனால் யெஜிஷ் மரியா. எவ்வளவு பக்தியான பெண் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அடுக்கி வைத்த பெட்டிகள் சரிந்தன. அவள் அதைக் கூவ, நான் கண்ணை மூடி "ஆமென்" என்றேன். கிடங்கே சிரித்தது. நம் ஊரில் 'சே' என்று சொல்கிற இடத்தில் இவர்கள் இதைச் சொல்கிறார்கள். அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில் நான் தலை குனிந்து ஜெபிப்பதைப் பார்த்து இன்னொரு நாள் ஹானா பதறிக்கொண்டு வந்தாள். கையில் தலைவலி மாத்திரை. நான் ஜெபம் செய்தேன் என்று எனக்குத் தெரிந்த உடைந்த மொழியில் விளக்கினேன். அவள் மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, "ஓ, அப்படியா. நன்றாகச் சாப்பிடு" என்றாள். அதன் பிறகு நான் கண்ணைத் திறக்கும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருப்பாள். கேலியும் இல்லை, மரியாதையும் இல்லை. காலணியின் கயிற்றைக் கட்டிக்கொள்பவருக்காக நின்று காத்திருப்போமே, அது போல.

ஊரில் அப்படி இல்லை. எலிசபெத் என்று பெயரைச் சொன்ன உடனே எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். மதம் தெரிந்துவிடும், எந்தத் தெரு என்பதும் தெரிந்துவிடும். இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் அந்தப் பெயர் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர் இருப்பதுதான் அங்கே தலைவலி. "மாசிலாமணி யார்?" என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள். என் அப்பா என்றேன். "உங்கள் கணவர் ஏன் மாசிலாமணி இல்லை? மகள் ஏன் உங்கள் இருவர் பெயரிலும் இல்லை?" என்றாள். நாங்கள் ஒரே குடும்பம்தான் என்று நம்பவைக்க சபையில் கொடுத்த திருமணச் சான்றிதழை மொழிபெயர்த்துக் கொண்டுபோனோம். அதில் சாட்சிக் கையெழுத்து போட்டிருந்தவர் ஆல்பர்ட் அண்ணன்.

3

யார் இந்த ஆல்பர்ட் அண்ணன் என்று சொல்ல வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மண்ணூர் போகிற வழியில் பிரிந்து உள்ளே போனால் எங்கள் ஊர். கம்பெனிகள் வந்தபோது நிலம் வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டு வாடகைக்கு அறை கட்டினார்கள். எங்கள் தெருவில் விற்க யாரிடமும் எதுவும் இல்லை. எங்களுக்குக் கம்பெனி என்றால் வேலை மட்டும்தான். அதுவும் எளிதில் கிடைக்கவில்லை. உள்ளூர் ஆட்களை எடுத்தால் விசேஷம், சாவு என்று லீவு போடுவார்கள், நான்கு பேர் சேர்ந்தால் கேள்வி கேட்பார்கள் என்று வெளியூர் ஆட்களையே எடுத்தார்கள். வாசலில் காவலுக்கு நிற்கவும் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றவும்தான் எங்கள் தெரு ஆட்கள்.

அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் ஆல்பர்ட் அண்ணன். எங்கள் சபையில் முதன்முதலாக டிப்ளமா படித்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, புரொடக்ஷன் மேனேஜர்வரை உயர்ந்தவர். அவர் பைக்கில் முன்னால் வேத வசனம் ஒட்டியிருக்கும். பிறகு காரிலும். சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் சின்னப் புதிய ஏற்பாடு. வேலைக்கு ஆள் தேவை என்றால் சபைக்கு வந்து பையன்களைக் கூட்டிக்கொண்டு போவார். என் கணவருக்கு முதல் வேலை அவர் வாங்கிக் கொடுத்தது. அந்த வேலையில் கற்றதை வைத்துத்தான் இந்த நாட்டுக்கு வந்தோம். மெர்சிக்கும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரைத் திட்டினால் நான் சொல்வதில் ஞாயம் இருக்காது. அவர் வேஷக்காரர் என்று முடித்துவிட்டால் எனக்கும் எளிதாக இருக்கும். அவர் வேஷக்காரர் இல்லை. நிஜமாகவே விடியற்காலையில் எழுந்து முழங்கால் போடுகிறவர்.

மெர்சி என்னைவிடச் சின்னவள். அவளுக்கு உரக்க ஜெபிக்க வராது. ஓய்வுநாள் பள்ளியில் குழந்தைகளுக்குக் கதை சொல்வாள், படம் வரைய வைப்பாள். கம்பெனியில் சேர்ந்து லைன் லீடர் ஆனாள். அவளுக்குக் கீழே இருந்த பெண்களில் பாதிப்பேர் தெற்கேயிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தவர்கள். காய்ச்சல் என்று ஒருத்தி படுத்தால் இவள் கஞ்சி எடுத்துக்கொண்டு போவாள். அதை அவள் ஊழியம் என்று சொன்னதில்லை. "பாவம், அதுங்களுக்கு இங்க யாரு கீறாங்க?" என்பாள்.

4

அந்தப் பெண்களில் ஒருத்தி காஞ்சனா. தென்காசிப் பக்கம். தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினில் வேலை. அந்த மெஷினுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளித்திரை உண்டு. கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். சென்சார் என்பார்கள். தூசு படிந்தால் கை போகாமலே நின்றுவிடும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அன்றைய உற்பத்தி குறையும்.

நாங்கள் இங்கே வந்த பிறகு ஒருநாள் அது அடிக்கடி நின்றது. ஆல்பர்ட் அண்ணன் வந்து பார்த்தார். மெயின்டனன்ஸ் ஆளிடம், "சென்சார பைபாஸ்ல போடு. ஷிப்ட் முடிஞ்சி கிளீன் பண்ணிக்கலாம்" என்றார். அப்படிப் போட்டால் கை குறுக்கே போனாலும் மெஷின் நிற்காது. மெர்சி பக்கத்தில்தான் நின்றாள். "வேணாம் சார், கை மாட்டிக்கும்" என்றாள். கம்பெனிக்குள் அவர் அவளுக்கு சார்.

அவர் சிரித்தார். "டெய்லி ஜெபம் பண்ணிட்டுத்தான் இந்த லைனையே ஸ்டார்ட் பண்றேன் மெர்சி. ஒண்ணும் ஆவாது."

ஆனது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் காஞ்சனாவின் வலது கை மெஷினுக்குள் போய்விட்டது. விரல்கள் போயின. மெர்சி தன் துப்பட்டாவைச் சுற்றி அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அந்தப் பெண் கேட்டுக்கொண்டே வந்தது ஒன்றுதானாம். "எக்கா, எனக்கு வேல போயிருமாக்கா?"

சில நாட்களில் ஆல்பர்ட் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததும் வேதத்தைத் திறந்து ஒரு சங்கீதம் வாசித்தார். காஞ்சனாவின் சுகத்துக்காக ஜெபித்தார். அவர் குரல் உடைந்தது என்று மெர்சியே சொன்னாள். ஜெபம் முடிந்த பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் பொண்ணு இன்சென்டிவ்க்கு ஆசப்பட்டு தானே சென்சார ஆஃப் பண்ணிச்சின்னு ரிப்போர்ட்டு போயிட்ச்சி. என்கொயரில ஒன்ன கூப்புடுவாங்க. 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரு வார்த்த சொல்லிடு. பொய் சொல்லுன்னு நா சொல்லல."

"தெரியுமேண்ணே. நீங்க சொல்றப்போ நா பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்."

"மெர்சி, நம்ம சபப் பசங்க எத்தினி பேரு உள்ள கீறாங்க தெரியுமா? நா போயிட்டா அவுங்கள எவன் வெச்சிப்பான்? நம்ம ஜனம் மறுபடியும் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். ஜெபம் பண்ணிட்டு முடிவு எடு."

"ஜெபம் பண்ணிட்டேண்ணே."

அவர் அம்மா கொண்டுவந்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அம்மா அன்று போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டதாம். "அவுரு இல்லன்னா உங்க அக்கா வெளிநாட்ட கண்ணால பாத்திருப்பாளா? ஒனக்கு வேல குடுத்தவரு வவுத்துல அடிக்கப் போறியா? எங்கியோ கீற பொண்ணுக்காவ நம்ம ஆள காட்டிக் குடுப்பியா?"

"எங்கியோ இல்லம்மா, எம் பக்கத்துல கீற பொண்ணு" என்று மட்டும் மெர்சி சொல்லியிருக்கிறாள்.

எனக்கும் மெர்சியிடமிருந்து போன் வந்தது. என் கணவர் பக்கத்திலிருந்து, "அவர் நமக்குச் செஞ்சத மறந்துடக் கூடாது எலிசபெத்" என்றார். நான் மெர்சியிடம், உனக்குச் சரி என்று பட்டதைச் செய் என்றேன். தூர தேசத்தில் இருந்துகொண்டு சொல்லச் சுலபமான வாக்கியம் அது. அங்கே நின்றவள் அவள்.

5

என்கொயரியில் மெர்சி கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். ஆல்பர்ட் அண்ணன் சொன்ன வார்த்தை, தான் சொன்ன பதில், அவர் சொன்ன மறுமொழி. மெயின்டனன்ஸ் ஆளும் எங்கள் சபைதான். அவன் தனக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கிட்டார் வாசிக்கிறவன் அவன்.

மெர்சியின் வாக்குமூலத்தால் காஞ்சனா மீது பழி நிற்கவில்லை. சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் கம்பெனி சம்மதித்தது. அவள் ஊருக்குப் போய்விட்டாள். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் இடது கையால் பில் போடுகிறாள். மெர்சிக்கு அவ்வப்போது போன் செய்து ஒன்றும் இல்லாத விஷயங்களைப் பேசிக்கொண்டிருப்பாள்.

ஆல்பர்ட் அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வல்லம் வடகாலில் அதே கம்பெனியின் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். பெரிய யூனிட். பெரிய பதவி. மெர்சியைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அடுத்து ஷிப்டை மாற்றினார்கள். அதற்கும் பிறகு, இனி ஆள் தேவையில்லை என்றார்கள். இப்போது ஒரு கான்ட்ராக்டர் மூலம் வேறொரு கம்பெனியில் தரை கழுவும் ஆட்களைக் கவனிக்கிறாள். அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், "எதுத்துப் பேசுற பொண்ணு வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களும் சபைக்குப் போகிறவர்கள்தான்.

கம்பெனி செய்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கம்பெனி கம்பெனியாக இருந்தது. சபை செய்ததுதான் இன்னும் செரிக்கவில்லை. ஓய்வுநாள் பள்ளியிலிருந்து அவளை முதலில் எடுத்தார்கள். பொய்ச்சாட்சி பற்றிய கட்டளையைக் குழந்தைகளுக்குப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தவளை. பாஸ்டர் கூப்பிட்டுப் பேசினார். சபைச் சகோதரனைப் பற்றி வெளியாட்கள் முன்னால் பேசியதால் சபையின் சாட்சி கெட்டுவிட்டதாம். சபை நடுவில் எழுந்து நின்று, அவசரப்பட்டுப் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுவரை அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து கிடையாது.

"அவசரப்பட்டு இன்னா பேசுனேன் பாஸ்டர்? யோசிச்சிதான பேசுனேன்" என்றாளாம்.

இந்தக் கதையை ஹானாவிடம் சொல்ல ஆசைப்பட்டு ஒருநாள் மாட்டிக்கொண்டேன். சாட்சி என்பதற்கு இவர்கள் மொழியில் 'ஸ்வெடெக்' என்று படித்திருந்தேன். "என் தங்கை ஸ்வெடெக். அதனால் அவளுக்கு வேலை போய்விட்டது" என்றேன். ஹானாவின் முகம் மாறிவிட்டது. வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பத்திரிகை கொடுக்கிற ஒரு கூட்டத்துக்கும் இங்கே அதே பெயராம். "எனக்குப் பத்திரிகை எதுவும் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதே" என்றாள். நான் மெஷின், கை, விசாரணை என்று சைகையெல்லாம் காட்டிப் புரியவைப்பதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. பெட்டி கட்டிக்கொண்டே அவள் கேட்டாள். "அவள் பார்த்ததைச் சொன்னாள். வேறு என்ன சொல்லியிருப்பாள்?"

கடவுள் இருக்கிறார் என்று ஒரு நாளும் நம்பாதவளுக்கு அதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் அவர் பெயரைச் சொல்கிற எங்கள் தெருவில், பார்த்ததைச் சொன்ன ஒருத்தியின் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

ஜெனி இப்போது சாப்பாட்டு மேஜையில் ஜெபிப்பதில்லை. முதலில், தோழி வந்திருக்கும்போது மட்டும் வேண்டாம் என்றாள். பிறகு நான் ஜெபிக்கும்போது போனைப் பார்க்க ஆரம்பித்தாள். சென்ற ஞாயிறு வீடியோவை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"இவர்தானே சித்தி வேலை போகக் காரணம்?"

"ஆமா."

"அப்புறம் ஏன் எல்லாரும் கைதட்டுறாங்க? பாட்டிகூடத் தட்டுறாங்க."

நான் துணியை மடித்தேன்.

"நீ என்னை ப்ரே பண்ணச் சொல்றது இவங்க மாதிரி ஆகுறதுக்காம்மா?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

6

இந்த வருடம் ஈஸ்டரை ஒட்டி நான் மட்டும் ஊருக்குப் போயிருந்தேன். விமான நிலையத்திலிருந்து வரும்போது செம்பரம்பாக்கம் பக்கம் வண்டி நகரவில்லை. கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. சன்னல் ஓரத்தில் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும் பெண்கள். அந்த முகங்களில் மெர்சியைத் தேடினேன். அவள் இப்போது பஸ் இல்லாத வேலையில் இருக்கிறாள் என்பது பிறகுதான் உறைத்தது. ஷேர் ஆட்டோவில் போய் வருகிறாள்.

திருவிருந்து ஞாயிறு அன்று அம்மா, மெர்சி, நான் மூன்று பேரும் சபைக்குப் போனோம். எங்கள் சபையில் பீடத்துக்கு முன்னால் ஒரு மரக்கிராதி இருக்கிறது. வரிசை வரிசையாகப் போய் அதன் முன்னால் முழங்கால் போட்டுக் கை ஏந்த வேண்டும். பாஸ்டர் அப்பத்தை வைத்துக்கொண்டே போவார். அவருக்குப் பின்னால் ஒருவர் ரசக் கிண்ணத்தைக் கொண்டுவருவார்.

மெர்சி எழுந்தாள். திருவிருந்து கிடையாது என்று சொன்னவர்கள் மனம் மாறிவிட்டார்கள்போல என்று நினைத்து எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அவள் போய் முழங்கால் போட்டாள். வலது பக்கம் இருந்த பெண் சற்றுத் தள்ளிக்கொண்டாள். இடது பக்கம் யாரும் வரவில்லை. மெர்சி இடது கைமேல் வலது கையை வைத்து ஏந்தினாள், சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி.

பாஸ்டர் வந்தார். பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்தார். மெர்சிக்கு முன்னால் வரும்போது நடை மாறவில்லை, குரல் மாறவில்லை. அந்த இடத்தில் யாரும் இல்லாதது போலத் தாண்டிப் போனார். பின்னால் கிண்ணத்தோடு வந்தவர் ஆல்பர்ட் அண்ணன். மெர்சி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டே போனார்.

வரிசை எழுந்தது. அவள் எழவில்லை. அடுத்த வரிசை வந்தது, அதற்கும் அடுத்தது வந்தது. எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை ஏந்திய கையை எடுக்காமல் அங்கேயே இருந்தாள். அம்மா மறுகோடியில் வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பி வந்தாள். நான் பாதி வழி போனவள், போக முடியாமல் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "எத்தினி நாளா இப்டி நடக்குது?" என்றேன்.

"மாசா மாசம்" என்றாள் மெர்சி. அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்குடி போற? வேற சபையே இல்லியா? மெட்ராஸ்ல தெருவுக்கு ஒண்ணு கீது."

"இன்னாத்துக்கு வேற எடம் போணும்? விருந்து வெச்சவரு வேறக்கா. பாஸ்டரு பரிமாறுற ஆளு. பரிமாறுற ஆளு எல தாண்டிப் போயிட்டா, பந்தில குந்தினவ எழுந்து வந்துடணுமா?"

"ஒனக்கு கோவமே வரலியா?"

"வராம? கோவத்தோடதான் முட்டி போடுறேன். கோவம் போனப்பறம்தான் முட்டி போடணும்னா நா செத்த பின்னதான் போடணும்." தண்ணீரை வடித்தாள். "அவங்க குடுக்காதது அவங்க பாடு. கேக்கறது என் பாடு. எல்லாரும் பாக்கட்டும், அவ கேட்டா, இவரு குடுக்கலன்னு."

அம்மா பின்கட்டில் இருந்தாள். இவள் பேசியது எல்லாம் அவளுக்குக் கேட்டது. "இதெல்லாம் வீம்பு" என்று மட்டும் சொன்னாள். நான் கிளம்பும் நாள்வரை அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, ஒரே ஃபேன் காற்றில் படுத்துக்கொண்டு, பேசாமலே இருந்தார்கள்.

இன்று இந்தக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா போன் செய்தாள். அவளாக எனக்குப் போன் செய்வது அபூர்வம். சாப்பிட்டாயா, ஜெனி எப்படி இருக்கிறாள், அங்கே குளிரா என்று சுற்றிச் சுற்றிப் பேசினாள். கடைசியில், "இன்னிக்கி திருவிருந்து ஆராதன" என்றாள்.

"தெரியும். மெர்சி போனாளா?"

"போனா. நானும் போனேன். அவ பக்கத்துல போயி முட்டி போட்டேன்."

"நீயா?"

"பாஸ்டரு எனக்கு குடுக்க வந்தாரு. நா கைய நீட்டல. அப்பத்த புடிச்சிக்கினு கொஞ்ச நேரம் நின்னாரு. 'நீட்டுங்கம்மா'ன்னாரு. மொதல்ல அவளுக்கு குடுங்க, அப்பறம் நா வாங்கிக்கிறேன்னேன்."

"குடுத்தாரா?"

"இல்ல. போயிட்டாரு."

பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மெர்சியாக இருக்கும்.

"கடேசி வரைக்கும் அங்கியே இருந்தோம்" என்றாள் அம்மா. "முட்டி ரெண்டும் வீங்கிப்போச்சி. தைலம் தேச்சி விட்டா."